பழைய வாசனைக் குப்பியின் காலத்தைக் கண்டறிவது எப்படி: கழுவும் முன் செய்ய வேண்டியவை முதல் பதிவு வரை

வீட்டுப் பீரோவிலோ பழைய பொருள் கடையிலோ ஒரு வாசனைக் குப்பி கிடைத்தவுடன் பெரும்பாலோர் முதலில் அதைச் சோப்பு நீரில் கழுவுகிறார்கள். அடுத்து, இறுகிப்போன மூடியை முறுக்கித் திறக்கப் பார்க்கிறார்கள். இவ்விரண்டையும் செய்து முடித்த பிறகுதான் அது எந்தக் காலத்துக் குப்பி என்ற கேள்வி எழுகிறது. அதற்குள் லேபிளின் மை கரைந்திருக்கும், கழுத்தில் கட்டியிருந்த நூல் குப்பைக்குப் போயிருக்கும், மூடியின் அடித்தண்டு முறிந்திருக்கும். ஆகவே இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசையே முக்கியம். திறப்பதும் கழுவுவதும் வேண்டுமென்றே கடைசியில் வைக்கப்பட்டுள்ளன.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செய்யப்பட்ட கண்ணாடிக் குப்பிகளுக்கு இம்முறை பொருந்தும். மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது என்று சொல்லித் தரப்படும் ரோமானியக் காலத்து வாசனைக் குப்பிகளுக்கு இது பொருந்தாது. அவற்றின் மேல் வானவில் நிறத்தில் மின்னும் படலம் கண்ணாடி மண்ணில் சிதைந்ததால் உண்டாவது. அதைப் போலியாகவும் உண்டாக்க முடியும். அத்தகைய பொருளை ஓர் அருங்காட்சியகத்தின் வல்லுநரிடம் காட்டுவதே முறை.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி உடல், மூடி, உலோகப் பூண், லேபிள், பெட்டி, உள்ளிருக்கும் திரவம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி வயது இருக்கலாம். அவற்றைத் தனித்தனியே விசாரித்துவிட்டுப் பிறகு சேர்த்துப் பார்ப்பதே இம்முறையின் சாரம்.

தொடங்கும் முன் வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், சிறிய டார்ச், ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறை எடைத்தராசு, புற ஊதா டார்ச், நூல், மென்மையான பருத்தித் துணி, குறிப்பேடு ஆகியவை போதும். மேசைமேல் தடித்த துண்டு ஒன்றை இரண்டாக மடித்து விரியுங்கள். மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைத்துவிடுங்கள். காரீயக் கண்ணாடி மென்மையானது, உலோகம் உரசினால் கீறல் விழும். மின்விசிறியை நிறுத்தி வைப்பதும் நல்லது, ஏனெனில் உலர்ந்த லேபிளின் தூக்கிய ஓரம் காற்றுக்கே பிய்ந்துபோகும்.

1. தொடும் முன் பதிவு செய்யுங்கள்

குப்பியை வந்த நிலையிலேயே நான்கு பக்கங்களிலும் மேலிருந்தும் அடியிலிருந்தும் படமெடுங்கள். உள்ளே திரவம் இருந்தால் அதன் மட்டத்தையும் நிறத்தையும், திரவம் வற்றி ஒட்டியிருக்கும் பழுப்புக் கறையின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கறையின் மேல்விளிம்பு, ஒரு காலத்தில் குப்பி எதுவரை நிறைந்திருந்தது என்பதைக் காட்டும்.

கழுத்தைச் சுற்றி மெல்லிய சவ்வும் அதன்மேல் நூல் கட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிரெஞ்சு வாசனை நிறுவனங்கள் மாட்டுக் குடலிலிருந்து எடுத்த சவ்வை ஈரமாக இழுத்து மூடியின் மேல் போர்த்தி, நூலால் சுற்றிக் கட்டி, சில வேளை அரக்கு முத்திரையும் வைத்து விற்றன. அந்தக் கட்டு அவிழாமல் இருந்தால் மூடி மாற்றப்படவில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேறில்லை. புதியவர்கள் அதை ஏதோ அழுக்கு நூல் என்று நினைத்து வெட்டி எறிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கட்டு இருந்தால் எட்டாம் படியைச் செய்யவே கூடாது.

2. அடிப்பாகத்தைப் படியுங்கள்

அடிப்பாகத்தில் மூன்றைத் தேட வேண்டும்: செய்முறையின் தழும்பு, தேய்மானம், முத்திரை. இந்த வரிசையிலேயே பாருங்கள். முத்திரையை முதலில் பார்த்துவிட்டால் கண் மற்றவற்றை அதற்கேற்றபடி வளைத்துக்கொள்ளும்.

வாயால் ஊதிச் செய்த குப்பியின் கழுத்துக்கு வடிவம் கொடுப்பதற்காக அதன் அடியில் ஓர் இரும்புக் கம்பியை ஒட்டிப் பிடிப்பார்கள்; வேலை முடிந்து கம்பியை உடைத்தெடுக்கும்போது அடியின் நடுவில் கரடுமுரடான தழும்பு விழும். உயர்ந்த வகைக் குப்பிகளில் அதைத் தேய்த்து வழுவழுப்பாக்கியிருப்பார்கள். அப்போது கட்டைவிரல் பதியும் அளவுக்கு ஒரு வட்டக் குழி தெரியும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அடியைக் கவ்விப் பிடிக்கும் கருவி பரவியதால் சாதாரணக் குப்பிகளில் இத்தழும்பு மறையத் தொடங்கியது.

அடுத்து, குப்பியின் இரு பக்கங்களிலும் மேல்நோக்கி ஓடும் அச்சுக் கோட்டை விரல் நகத்தால் தொடர்ந்து செல்லுங்கள். கோடு கழுத்துக்குக் கீழேயே நின்றுவிட்டால் உடல் அச்சில் ஊதப்பட்டு, வாய்ப்பகுதி கையால் முடிக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. வாயின் விளிம்புவரை தொடர்ந்தால் அது பெரும்பாலும் இயந்திரக் குப்பி. அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கிக் குப்பி இயந்திரம் 1903ஆம் ஆண்டு வாக்கில் உருவாகி அடுத்த இருபது ஆண்டுகளில் பரவியது. அது விட்டுச்செல்லும் ஒழுங்கற்ற வட்டத் தழும்பும் அடியிலேயே இருக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை: உயர்விலை வாசனைக் குப்பிகள் இயந்திரக் காலத்திலும் கையாலேயே முடிக்கப்பட்டன, அச்சுக் கோட்டைத் தேய்த்து மறைப்பதும் வழக்கமாக இருந்தது. ஆகவே கோடு இருப்பது சான்று, இல்லாமை சான்றாகாது.

தேய்மானத்தைப் பார்க்க டார்ச்சை மேசையோடு ஒட்டிச் சாய்வாகப் பிடியுங்கள். பல ஆண்டுகள் அலமாரியில் எடுத்து வைத்த குப்பியின் அடி விளிம்பில், மேசையைத் தொடும் வளையத்தில் மட்டும், நீளமும் திசையும் வேறுவேறான மெல்லிய கீறல்கள் இருக்கும். உப்புத்தாளால் தேய்த்துச் செய்த போலித் தேய்மானத்தில் கீறல்கள் ஒரே திசையில் ஓடும். மேசை தொடாத உட்குழிவிலும் அவை இருக்கும்.

இனி முத்திரை. அமிலத்தால் பொறிக்கப்பட்ட முத்திரை சில நேரங்களில் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மங்கியிருக்கும். அப்போது அடிப்பாகத்தின் மேல் வாயைத் திறந்து மெதுவாக மூச்சு விடுங்கள். ஈரப்படலம் படியும் இரண்டு மூன்று விநாடிகளில் எழுத்துகள் துலங்கி மறையும். சைகோனில் பணிபுரிந்து திரும்பிய புதுச்சேரிக் குடும்பம் ஒன்றின் குப்பியில் முத்திரையே இல்லை என்று நான் மூன்று முறை எழுதிவிட்டேன். நான்காவது முறை மூச்சு விட்டபோது, ஒரு சிறு வட்டத்துக்குள் பிரெஞ்சுக் கண்ணாடி நிறுவனமான பாக்கராவின் பெயர் தெளிவாக எழுந்தது.

பாக்கரா தன் பொருள்களில் அமில முத்திரையை முறையாக இடத் தொடங்கியது 1936இல்தான்; அதற்கு முன் பல பொருள்கள் காகிதச் சீட்டோடு மட்டுமே வெளிவந்தன. பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் ரெனே லாலீக் 1945இல் இறந்தார். அதுவரை முத்திரையில் அவருடைய பெயருக்கு முன் 'ஆர்' என்ற முதலெழுத்து இருந்தது, பின்னர் நீக்கப்பட்டது. 1945க்குப் பிந்திய குப்பியில் அந்த ஓர் எழுத்தை மட்டும் பின்னாளில் கீறிச் சேர்த்து விலையேற்றுவது அறியப்பட்ட மோசடி என்பதால், முதலெழுத்தின் ஆழமும் நிறமும் மற்ற எழுத்துகளோடு ஒத்திருக்கின்றனவா என்று லென்ஸால் பார்க்க வேண்டும்.

நாட்டின் பெயர் இருந்தால் அது நல்ல கைப்பிடி. 1891 முதல் அமெரிக்காவுக்குள் இறக்குமதியாகும் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. செக்கோஸ்லோவாக்கியா என்ற பெயர் 1918க்கு முன் இருக்க முடியாது. 1992இன் முடிவோடு அந்நாடே இல்லை. ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான் என்று பொறித்திருந்தால் அது 1945க்கும் 1952க்கும் இடைப்பட்டது.

3. மூடியும் கழுத்தும் ஒரு ஜோடியா என்று சரிபாருங்கள்

தேய்த்துப் பொருத்தும் கண்ணாடி மூடி, ஒவ்வொரு குப்பிக்கும் தனியாகத் தேய்க்கப்பட்டது. ஒன்றின் மூடி இன்னொன்றில் காற்றுப் புகாமல் உட்காராது. பட்டறையில் ஜோடி கலைந்துவிடாமல் இருப்பதற்காக மூடியின் தண்டிலும் குப்பியின் அடியிலோ கழுத்திலோ ஒரே எண்ணைக் கீறி வைப்பார்கள். மிகச் சிறிய, அவசரக் கையெழுத்துப் போன்ற எண் அது. குப்பியிலுள்ள எண்ணை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். தண்டிலுள்ள எண் கண்ணாடிக்குள்ளேயே தெரிந்தால் அதையும் எழுதுங்கள், தெரியாவிட்டால் மூடி திறந்த பின் பார்க்கலாம்.

இந்த எண்ணைத் தயாரிப்பு ஆண்டு என்றோ வரிசை எண் என்றோ படிப்பது புதியவர்களிடம் நான் அதிகம் காணும் பிழை. 37 என்ற எண் 1937ஐக் குறிக்காது. அது ஜோடியைச் சேர்க்கும் அடையாளம் மட்டுமே. இரு எண்களும் ஒத்திருந்தால் மூடி அசல். ஒத்திராவிட்டால் மூடி வேறொரு குப்பியிலிருந்து வந்தது. கண்ணாடி உடலின் காலத்தைக் கணிக்க மூடியின் வடிவத்தை அதன்பின் பயன்படுத்தக் கூடாது.

சில மூடிகளின் அடியிலிருந்து நீண்ட கண்ணாடித் தண்டு குப்பிக்குள் இறங்கும். வாசனையைத் தொட்டுத் தோலில் பூசுவதற்கானது அது. 1920கள், 1930களின் செக்கோஸ்லோவாக்கியக் குப்பிகளில் இது மிகுதி. தண்டின் நுனி உருண்டையாகவோ சீராகத் தீட்டப்பட்டோ இல்லாமல் தட்டையாகவும் கூர்மையாகவும் இருந்தால் அது முறிந்தது.

4. கண்ணாடி எந்த வகை என்று எடை போட்டுப் பாருங்கள்

குப்பி காலியாகவும் திறந்தும், லேபிளோ பொன்முலாமோ இல்லாமலும் இருந்தால் மட்டுமே இதைச் செய்யுங்கள். மூடி சிக்கியிருந்தால் எட்டாம் படிக்குப் பின் திரும்பி வரலாம்.

முதலில் உலர்ந்த குப்பியை எடை போடுங்கள். பிறகு தராசின்மேல் நீர் நிறைந்த கிண்ணத்தை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். குப்பிக்குள் காற்றுக் குமிழி எதுவும் தங்காதபடி அந்தக் கிண்ணத்து நீரையே நிரப்பி, கழுத்தில் நூல் கட்டி, கிண்ணத்தின் அடியையும் பக்கங்களையும் தொடாமல் முழுவதும் நீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண், கண்ணாடி விலக்கிய நீரின் எடை. உலர்ந்த எடையை அதனால் வகுத்தால் கண்ணாடியின் அடர்த்தி கிடைக்கும்.

186 கிராம் குப்பி 62 கிராம் காட்டினால் அடர்த்தி 3. அது காரீயக் கண்ணாடி. 74 காட்டினால் சுமார் 2.5, அது சாதாரணச் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. காரீயக் கண்ணாடி என்பதாலேயே அது பாக்கரா ஆகிவிடாது. ஆனால் பாக்கரா என்று சொல்லி விற்கப்படும் குப்பி 2.5 காட்டினால் அந்தக் கூற்றைத் துணிந்து நிராகரிக்கலாம்.

இருட்டறையில் புற ஊதா ஒளியைப் பாய்ச்சும்போது பச்சை நிறக் கண்ணாடி கண்ணைப் பறிக்கும் பச்சையாக ஒளிர்ந்தால் அதில் யுரேனியம் சேர்ந்திருக்கிறது. அது ஒரு வகையைக் காட்டுமே தவிரக் காலத்தை உறுதிசெய்யாது. அத்தகைய கண்ணாடி இன்றும் செய்யப்படுகிறது.

5. உலோகப் பூண் இருந்தால் முத்திரைகளைப் படியுங்கள்

கழுத்தில் வெள்ளிப் பூண் உள்ள ஆங்கிலேயக் குப்பியில் வேலை எளிது. நடக்கும் சிங்கம் 92.5 விழுக்காட்டு வெள்ளி என்பதையும், நங்கூரம் வெள்ளியின் தரத்தைச் சோதிக்கும் பர்மிங்ஹாம் அலுவலகத்தையும், தனி எழுத்து ஒன்று ஆண்டையும் குறிக்கும். எழுத்தை மட்டும் பார்த்தால் போதாது; ஒவ்வொரு நகரமும் தன் எழுத்து வரிசையைத் தனியாக ஓட்டியது என்பதால் நகரக் குறியை முதலில் கண்டு, எழுத்தின் வடிவையும் அதைச் சுற்றிய சட்டத்தின் வடிவையும் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். கிடைக்கும் ஆண்டு வெள்ளிக்கு உரியது. கண்ணாடி உடைந்து பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம்.

6. லேபிளையும் பெட்டியையும் மேல் எல்லை, கீழ் எல்லையாகப் பயன்படுத்துங்கள்

அச்சிட்ட செய்திகள் அழகைவிடப் பயனுள்ளவை. பிரான்சின் முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972க்கு முந்தியதாக இருக்க முடியாது. அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்கக் குறியீடு 1963 முதல். பார்கோடு கடைகளில் முதன்முதலாகப் படிக்கப்பட்டது 1974இல். லினலூல், லிமோனீன் போன்ற ஒவ்வாமைப் பொருள்களின் பெயர்களும், திறந்த டப்பாவின் உருவத்துக்குள் மாதக் கணக்கு எழுதிய சிறு குறியும் ஐரோப்பியச் சட்டத்தால் 2005 வாக்கில் வந்தவை. இவற்றில் எது இருக்கிறது என்பது கீழ் எல்லையை, அதாவது எந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது என்பதை, தரும்.

பெட்டியையும் குப்பியையும் ஒன்றாகவே வாங்கியிருந்தாலும் அவை ஒன்றாகவே பிறந்தவை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெட்டியின் உட்பள்ளத்தில் குப்பியை வைத்துப் பாருங்கள், ஆடினால் சந்தேகப்படுங்கள்.

7. வாசனையின் ஆண்டைக் குப்பியின் ஆண்டாக எழுதிவிடாதீர்கள்

எல்லாப் படிகளிலும் அதிகம் தவறுவது இங்கேதான். லேபிளில் வாசனையின் பெயரைப் படித்ததும் அது அறிமுகமான ஆண்டைத் தேடியெடுத்து, அதையே குப்பியின் வயதாக எழுதிவிடுகிறார்கள். ஒரு வாசனை நூறு ஆண்டுகள் விற்பனையில் இருக்கலாம். அதற்குள் குப்பி பலமுறை மாறலாம், அல்லது மாறாமலேயே இருக்கலாம்.

நீனா ரிச்சியின் 'லேர் து தாம்' 1948இல் வந்தது. ஆனால் மூடிமேல் இரண்டு புறாக்கள் அமர்ந்த, மார்க் லாலீக் வடிவமைத்த குப்பி 1951இல்தான் வந்தது. ஆகவே இரட்டைப் புறாக் குப்பியை 1948 என்று எழுதுவது நேரடிப் பிழை. சனேல் எண் 5 வாசனை 1921இல் வெளியானது. அதன் தொடக்கக் குப்பியின் தோள்கள் உருண்டையாக இருந்தன. கண்ணாடியின் மூலைகளைச் சாய்த்து வெட்டிய வடிவம் 1924இல் வந்தது.

எதிர்ப்பக்கத்து எடுத்துக்காட்டுகளும் உண்டு. கெர்லேன் நிறுவனத்தின் தேனீக் குப்பி 1853இல் பேரரசி யூஜெனிக்கான வாசனைக்காகச் செய்யப்பட்டது. அந்த வடிவம் இன்றும் விற்பனையில் உள்ளது. தேனீக்களைப் பார்த்ததும் 19ஆம் நூற்றாண்டு என்று முடிவுகட்டி, பத்து ஆண்டுகூட ஆகாத குப்பிக்குப் பெரும்பணம் கொடுத்தவர்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வந்திருக்கிறது. அதே நிறுவனம், கவிழ்த்த இதய வடிவ மூடியுள்ள ஒரே குப்பியை 1912இன் 'லெர் ப்ளூ' வாசனைக்கும் 1919இன் 'மித்சூக்கோ'வுக்கும் பயன்படுத்தியது. லேபிள் உதிர்ந்துபோன அக்குப்பியில் எந்த வாசனை இருந்தது என்பதை வடிவத்தை வைத்துச் சொல்லவே முடியாது.

எனவே இந்தப் படியில் ஒவ்வொரு குப்பிக்கும் இரு ஆண்டுகளைத் தனித்தனி வரியில் எழுதுங்கள்: வாசனை அறிமுகமான ஆண்டு, இவ்வடிவக் குப்பி அறிமுகமான ஆண்டு. இரண்டில் பிந்தியதே உங்கள் கீழ் எல்லை. அதன்பின் இரண்டாம் படியிலும் ஆறாம் படியிலும் கிடைத்தவற்றைச் சேர்த்து எல்லையைச் சுருக்குங்கள்.

8. சிக்கிய மூடியைத் திறத்தல்

முன்னுள்ள படிகள் முடிந்து, கழுத்துக் கட்டு இல்லை என்றும் உறுதியானால் மட்டும் இங்கே வாருங்கள். மூடி சிக்குவதற்குக் காரணம், தேய்த்த இரு பரப்புகளுக்கும் இடையே வாசனை எண்ணெய் வற்றிப் பிசினாக இறுகுவது. பலத்தால் அதைப் பெயர்க்க முடியாது, கரைக்கத்தான் முடியும்.

பல்குத்தும் குச்சியின் நுனியால் ஒரு துளி ஆல்கஹாலை மூடியும் கழுத்தும் சேரும் வட்டத்தில் விடுங்கள். லேபிள் கீழே இருந்தால் கழுத்தைச் சுற்றிப் பஞ்சுத் திரி கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆல்கஹால் வழிந்து மையைக் கரைக்கும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை இதைத் திரும்பச் செய்து ஓர் இரவு விடுங்கள். மறுநாள் குப்பியின் கழுத்தை உள்ளங்கையால் ஐந்து நிமிடம் பொத்திப் பிடியுங்கள். கழுத்து முதலில் சூடாகிச் சற்றே விரியும், உள்ளிருக்கும் மூடி இன்னும் குளிர்ந்திருக்கும். அந்த மெல்லிய வேறுபாடு போதும். பிறகு மூடியின் பக்கவாட்டில் மரக்கரண்டியின் பிடியால் எதிரெதிர்ப் பக்கங்களில் மாறிமாறி மெதுவாகத் தட்டுங்கள். பிசின் விடும்போது தட்டும் ஓசை மாறுவது காதுக்குத் தெரியும்.

மூடியை மேலே அகலமான பகுதியில் பிடித்து முறுக்கக் கூடாது. முறுக்கு முழுவதும் தண்டின் மெல்லிய இடத்தில் சேர்ந்து அங்கேயே முறியும். கழுத்தை ஒட்டிப் பிடித்து, துளியளவு திருப்பி, நேராக மேலே எடுங்கள். உள்ளே தண்டு இருக்கிறது என்பதை மறந்து சாய்வாக இழுத்ததால், தொடக்க காலத்தில் ஒரு நல்ல குப்பியின் தண்டை நானே முறித்துவிட்டேன். அந்த மெல்லிய ஓசை இன்னும் நினைவில் இருக்கிறது.

கொதிநீர், உறைபெட்டி, தீ, இடுக்கி ஆகிய நான்கும் வேண்டாம். திடீர் வெப்ப மாற்றம் தடித்த கண்ணாடியைப் பிளக்கும். உள்ளிருக்கும் திரவமோ பெரும்பாலும் ஆல்கஹால், எளிதில் தீப்பற்றும். மூன்று நாள்களாகியும் திறக்காவிட்டால் மேலும் மூன்று நாள் கொடுங்கள். திறந்தவுடன் தண்டின் எண்ணைப் பார்த்து, மூன்றாம் படியின் வரியை நிறைவு செய்யுங்கள்.

9. கழுவி உலர்த்துதல்

வெதுவெதுப்பான நீரும் ஓரிரு துளிப் பாத்திரச் சோப்பும் போதும். லேபிளோ பொன்முலாமோ வண்ணப் பூச்சோ உள்ள குப்பியின் வெளிப்புறத்தை நனைக்காதீர்கள். சிறு புனல் வழியே உட்புறத்தை மட்டும் கழுவுங்கள். உள்ளே ஒட்டிய பிசினுக்கு ஆல்கஹால் ஊற்றி ஓர் இரவு வைக்கலாம். மணலும் இரும்புக் குண்டுகளும் போட்டுக் குலுக்கும் பழைய முறையைத் தவிர்த்துவிடுங்கள்.

நனைந்திருக்கும்போது பளிச்சென்று இருந்து, உலர்ந்ததும் மறுபடி வெண்மையாக மங்கினால் அது அழுக்கில்லை. நெடுநாள் ஈரம் தங்கியதால் கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்கிறது; எந்தக் கழுவலும் அதைப் போக்காது. விற்பவர் அதன்மேல் எண்ணெய் பூசி மறைத்திருக்கலாம் என்பதால், வாங்கும் முன் உட்சுவரை உலர்ந்த நிலையில் பார்க்க வேண்டும்.

குப்பியைத் துணிமேல் கவிழ்த்து இரண்டு நாள் விடுங்கள். முற்றிலும் காய்ந்த பின்னரே மூடியை வையுங்கள். அப்போதும் அழுத்தாமல், தன் எடையில் உட்காரும்படி மட்டும் வைத்து, வெயில் படாத அலமாரியில் நிறுத்துங்கள்.

10. முடிவை எழுதும் முறை

ஒரே ஆண்டாக எழுதாமல் எல்லைகளாக எழுதுங்கள். ஒவ்வோர் எல்லைக்கும் காரணத்தைப் பக்கத்திலேயே குறியுங்கள். ஒரு பதிவு இப்படி இருக்கலாம்: "பாக்கரா குப்பி. மூச்சு விட்டால் மட்டுமே தெரியும் வட்ட அமில முத்திரை, அடர்த்தி 3. குப்பியிலும் மூடித் தண்டிலும் 112 என்ற எண், ஆகவே மூடி அசல். கவிழ்த்த இதய மூடியுள்ள இவ்வடிவம் 1912க்கு முந்தியதன்று. பெட்டியின் பிரெஞ்சு முகவரியில் அஞ்சல் குறியீடு இல்லை, எனவே பெட்டி 1972க்கு முந்தியதாக இருக்கலாம். ஆனால் பள்ளத்தில் குப்பி ஆடுகிறது, பெட்டியைக் கணக்கில் சேர்க்கவில்லை. லேபிள் இல்லை, வாசனையின் பெயர் எழுதப்படவில்லை."

இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொரு வரியும் சேர்க்க வேண்டியிருக்கலாம். நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கலைப்பொருள்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வரக்கூடியவை. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்குத் தடை உண்டு. உங்கள் கீழ் எல்லையும் மேல் எல்லையும் நூறு ஆண்டுக் கோட்டின் இரு பக்கங்களிலும் விழுந்தால், குப்பியை வெளிநாட்டில் உள்ள உறவினருக்கு அனுப்பும் முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டு எழுத்தில் பதில் பெற்று, அந்தத் தாளையும் இப்பதிவோடு சேர்த்து வையுங்கள்.